ஏலகிரி இறக்கத்துக்கும் பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கும் ஒரே பேட்: ரோட்டில் ஓடும் வேகக் காருக்கு பிரேக் பேட் மாற்றிய பதிவு

பிரேக் பேட் (டிஸ்கை அழுத்தி உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) மாற்ற எடுத்துக்கொண்ட கார் 1,300 கிலோ எடையுள்ள டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் 288 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன் கொண்ட காற்றோட்ட டிஸ்க். பேட்டை டிஸ்கின் மேல் அமுக்கும் பிடிப்பான், ஒற்றைப் பிஸ்டன் ஃப்ளோட்டிங் காலிப்பர். பின்னால் சாதாரண டிஸ்க். வாரநாளில் காட்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் ஓட்டம், அவ்வப்போது பெங்களூரு நெடுஞ்சாலை, விடுமுறையில் ஏலகிரி அல்லது ஜவ்வாது மலை. வேலூர் பக்கம் வேகக் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களின் ஓட்டம் இப்படித்தான் இருக்கும்.

இந்த மாதிரி காருக்கு பேட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எது நல்லா கடிக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த ரோடு டிஸ்கை எவ்வளவு சூடாக்குகிறது என்பது. ஒவ்வொரு பேட்டும் ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் ஒழுங்காகப் பிடிக்கும். அந்த எல்லைக்குக் கீழே போனாலும் பிடிக்காது, மேலே போனாலும் பிடிக்காது. ரோட்டில் உயிரைக் காப்பது பெரும்பாலும் ஆறிக்கிடக்கும் டிஸ்கின் மேல் விழும் முதல் அழுத்தம். அதில் குறை வைக்கும் பேட் எவ்வளவு விலையானாலும் இந்தக் காருக்கு ஆகாது.

முதலில் கணக்கு

100 கி.மீ. வேகத்தில் போகும் 1,300 கிலோ காரை நிறுத்தினால் சுமார் 500 கிலோ ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது என்று வைத்தால் ஒரு டிஸ்குக்கு 175 கிலோ ஜூல். பேட் உரசும் வளையத்தின் எடை 6 கிலோ என்று கொண்டால், ஒரு முழு நிறுத்தத்துக்கு டிஸ்க் ஏறக்குறைய 58 டிகிரி சூடேறும். வேகம் கூடினால் வெப்பம் அதன் இருமடிப் பெருக்கில் கூடும்: 120-லிருந்து நிறுத்துவது 80-லிருந்து நிறுத்துவதைப்போல் இரண்டேகால் மடங்கு.

மலையில் கணக்கு வேறு. ஏலகிரியிலிருந்து பொன்னேரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். உயர வித்தியாசத்தைச் சுமார் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கார் விடவேண்டிய ஆற்றல் 7,600 கிலோ ஜூலுக்கு மேல். நூறிலிருந்து பதினைந்து முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அத்தனையும் பிரேக்கே வாங்கிக்கொண்டு, காற்று கொஞ்சமும் ஆற்றாவிட்டால் முன் டிஸ்க் 800 டிகிரிக்கு மேல் போகும். நடைமுறையில் அப்படிப் போகாது. காற்று ஆற்றும், எஞ்சின் பாதியைத் தாங்கும். ஆனால் எஞ்சின் தாங்குவது இரண்டாம் கியரில் இறங்கினால்தான். ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யில் விட்டுவிட்டு, பெடலில் கால் வைத்தபடியே இறங்கினால் அந்தப் பாதியும் பேட்டின் தலையில்தான் விழும். கொண்டை ஊசியில் வேகமும் குறைவு, ஆற்றும் காற்றும் குறைவு. நெடுஞ்சாலையில் தாராளமாகத் தாங்கும் பேட் மலையில் நாறுவதற்குக் காரணம் இதுதான்.

பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதைக்கும், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பாதைக்கும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். எடை × 9.8 × உயரம். ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சூட்டை அளப்பது

கணக்கு திசை காட்டும், அளந்தால்தான் உறுதி. பலரிடமும் இருப்பது அகச்சிவப்பு வெப்பமானி. அதில் ஒரு பொறி இருக்கிறது. பேட் உரசி உரசிப் பளபளக்கும் டிஸ்க் முகத்தைக் குறிவைத்தால் உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். மின்னும் இரும்பு கதிர்வீச்சைக் குறைவாகத்தான் விடும், கருவியோ மங்கிய கரும்பரப்புக்கு அளவு வைத்தது. நிறுத்திய உடனே பேட்டின் விளிம்பையோ, டிஸ்கின் துருப்பிடித்த வெளி விளிம்பையோ குறிவையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து எடுத்த அளவு எதற்கும் உதவாது.

இதைவிட நம்பகமானது வெப்பம் காட்டும் பெயின்ட். டிஸ்கின் வெளி விளிம்பில் மூன்று நிறக் கோடு பூசிவிட்டு மலை ஏறி இறங்கினால் போதும். பரவலாகக் கிடைக்கும் செட்டில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பச்சையே மாறாமல் வந்தால் உங்கள் ஓட்டத்துக்கு விலைகூடிய பேட் தேவையில்லை. கம்பெனி தரத்து பேட்டும் புதிய பிரேக் ஆயிலும் போதும். பச்சை மாறி ஆரஞ்சு அப்படியே இருந்தால் 500 டிகிரி தாண்டியும் பிடி விடாத, ஆறியிருக்கும்போதும் பிடிக்கிற 'ஃபாஸ்ட் ரோடு' ரகம் வேண்டும். சிவப்பும் மாறியிருந்தால் பேட்டைப் பார்ப்பதற்கு முன் ஓட்டும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டின் முதுகில் இருக்கும் இரண்டு எழுத்து

பின்தகட்டிலோ விளிம்பிலோ ஒரு வரிசை அச்சடித்திருக்கும்: தயாரிப்பாளர் குறி, கலவையின் பெயர், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. அந்த இரண்டும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே866 முறைப்படி உராய்வின் அளவு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது கூடுதல் சூட்டுக்கு. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த உராய்வைக் காட்டினால் ('எஃப்ஈ' போல) அந்த பேட் சூடானதும் பிடியை விடுகிறது என்று பொருள். மலைக்குப் போகிற காருக்கு அதைத் தொடவேண்டாம். 'எஃப்எஃப்', 'ஜிஜி' இரண்டும் நம் வேலைக்கு நல்ல தொடக்கம்.

இந்த எழுத்துகளை அளவுக்கு மீறியும் நம்பக்கூடாது. சோதனை நடப்பது ஓரங்குலச் சதுரத் துண்டில். சூடான எழுத்துக்கான அளவீடு சுமார் 340 டிகிரியோடு முடிகிறது. அதற்கு மேல் என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் தேயும், டிஸ்கை எவ்வளவு தின்னும், கீச்சிடுமா என்பதெல்லாம் அதில் இல்லை. 0.36-உம் 'எஃப்' தான், 0.44-உம் 'எஃப்' தான்.

மாற்று பேட்டுக்கான ஐரோப்பியத் தர விதியான 'ஈ.சி.ஈ. ஆர்90' முத்திரை இருந்தால் அந்த பேட் கம்பெனி பேட்டின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்குள் நிற்கிறது என்று பொருள். ரோட்டுக்கு அது நல்ல உறுதிமொழி. பந்தய பேட்டுகளில் பெரும்பாலும் இந்த முத்திரை இருக்காது.

கலவை பற்றிச் சுருக்கமாக. உலோகமில்லாத ஆர்கானிக் ரகம் அமைதியாக இருக்கும், தூசி குறைவு, மலையில் முதலில் கைவிடுவதும் அதுதான். செராமிக் என்று விற்பதும் பெரும்பாலும் தூசிக்காகவும் சத்தத்துக்காகவும் செய்தது; பெயரைப் பார்த்துப் பந்தய செராமிக் டிஸ்க் என்று எண்ணிவிட வேண்டாம். குறை உலோக ரகம் ஐரோப்பியக் கார்களோடு வருவது: சக்கரம் கறுக்கும், டிஸ்க் சற்று வேகமாகத் தேயும், ஆனால் ஆறியிருந்தாலும் சூடாக இருந்தாலும் பிடி ஒரே மாதிரி. இந்தக் காருக்கு என் தேர்வு அந்த வரிசையில் மேல்தட்டு. சக்கரம் கறுக்கிறதே என்று இதை வேண்டாம் என்பவர்கள், கழுவுவதற்குச் சோம்பி பிடியை விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற, ரோடும் டிராக்கும் கலந்த ரகத்தை ரோட்டில் போடலாம், ஆனால் சத்தத்துக்குத் தயாராக இருக்கவேண்டும். முழுப் பந்தய பேட் மட்டும் ரோட்டில் கூடவே கூடாது. அரைமணி நேரம் பிரேக் தொடாமல் வாலாஜாவிலிருந்து வருகிற காரில் டிஸ்க் நன்றாக ஆறிக்கிடக்கும். மாதனூர் பக்கத்தில் நடுத்திட்டு இடைவெளியில் ஒரு பைக் குறுக்கே திரும்பினால் அழுத்தம் அந்த ஆறிய டிஸ்கின் மேல்தான். பந்தய பேட் அப்போது வழுக்கும். ஆறிய நிலையில் டிஸ்கையும் அரம்போல் சீவும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிறவர் அதற்கென்று தனி செட் வைத்துக்கொண்டு, அங்கே போய் மாற்றி, திரும்புவதற்கு முன் ரோட்டு பேட்டைப் போட்டுவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். விடியற்காலையில், முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேரான ரோட்டில் 80-லிருந்து பெடலை முழுதாக அழுத்தினால் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடித்துக்கொண்டே வண்டி நிற்கிறதா? நின்றால் அந்த முதல் நிறுத்தத்தின் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்; கடி கூடிய பேட் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பத்தாவது நிறுத்தமும் முதல் நிறுத்தம்போல் இருக்கவேண்டும் என்பதற்காக. முன்னுக்கு மட்டும் மிகக் கடியான பேட் போட்டால் பின் பிரேக் சும்மா கிடக்கும். பின்னுக்கு மட்டும் போட்டால் அவசர நிறுத்தத்தில் வால் ஆடும். முன்னும் பின்னும் ஒரே கலவைக் குடும்பத்தில் போடுவது நல்லது.

பெடல் சொல்வது

மலையில் பிரேக் போனது என்று வருகிறவர்களிடம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: பெடல் எப்படி இருந்தது? பெடல் கல்லுபோல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விட்டிருக்கிறது. இரண்டாவதற்கு எந்த விலையுயர்ந்த பேட்டும் மருந்தல்ல.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புதிய டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் வாங்கியபின் 155. டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். டாட் 3-க்கு 205-உம் 140-உம். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஐப்பசி கார்த்திகை மழையைப் பார்த்த ஆயிலில் அது கூடத்தான் செய்யும். ரோட்டுக்கு இரண்டு வருடம், மலை ஏறி இறங்கும் காருக்கு வருடம் ஒருமுறை மாற்றுவது சரி. டாட் 5 என்பது சிலிகான்; பெயர் ஒட்டினாற்போல் இருந்தாலும் இந்தக் கார்களில் ஊற்றவே கூடாது.

இன்னொன்று: இறங்கிய சூட்டோடு பொன்னேரியில் டீக்கு நிறுத்துவது. காற்று நின்றதும் டிஸ்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் ஏறும். டீ குடித்துவிட்டு வண்டி எடுக்கும்போதுதான் பெடல் உள்ளே போகும். அடிவாரத்தைத் தாண்டி இரண்டு மூன்று கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

மாற்றும் வேலை

தேவையானவை: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரக் கட்டை, ஆலன் கீ சாக்கெட், டார்க் ரெஞ்ச், சி கிளாம்ப், கம்பி பிரஷ், மைக்ரோமீட்டர், பிரேக் கிளீனர், காலிப்பர் சறுக்கி நகரும் கம்பியான கைடு பின்னுக்குச் சிலிகான் கிரீஸ், 120 அல்லது 150 நம்பர் எமரி தாள், ஆயிலையும் மாற்றுவதானால் ஒரு லிட்டர் பிரேக் ஆயில், பழையதை வடிக்க ஒளி ஊடுருவும் ட்யூப். பேட் வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய பேட்டின் முதுகிலுள்ள பேட்டின் வடிவத்தைக் குறிக்கும் ஐந்து இலக்க டபிள்யூ.வி.ஏ. எண்ணையும் சொல்லுங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று காலிப்பர் வரும். வேலூரில் கிடைக்காததைச் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடலாம். அட்டையைப் பார்த்து ஏமாறாமல், பின்தகட்டில் மேலே சொன்ன குறி வரிசை தெளிவாக இருக்கிறதா, கல்நார் இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் பழைய தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். அது நுரையீரலுக்குப் போகும். கிளீனர் தெளித்து ஈரத்தோடு துடையுங்கள்.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் விளிம்பிலோ நடுக் குவளையிலோ பொறித்திருக்கும். 25 மி.மீ. டிஸ்குக்குப் பெரும்பாலும் 22. சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் ஒரு மி.மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஸ்டீயரிங் உதறும். பாலாற்று மணல் ஓரங்களில் ஓடும் வண்டிகளில் பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே மணல் சிக்கி, நகம் மாட்டுகிற அளவுக்கு வட்டக் கோடு விழுந்திருக்கும். ஆழம் குறைவு, தடிமன் மிச்சம் என்றால் லேத்தில் சீவலாம். சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கும் வட்டாரம் இது, வார்ப்பிரும்பு தெரிந்த லேத்காரர் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் சீவியபின் 22-க்கு அருகே வருமென்றால் புதிது வாங்கிவிடுவதே மேல். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், மலையில் அதுவே முதல் பிரச்சினை.

அதே டிஸ்க் தொடர்ந்தால் பழைய பேட் ஒட்டவைத்த படலத்தை எமரி தாளால் வட்டமாகத் தேய்த்து எடுக்கவேண்டும். ஒரு கலவையின் படலத்தின் மேல் வேறொரு கலவை ஒழுங்காக ஒட்டாது; புதிய பேட் மோசம் என்று குறை சொல்வது பல நேரம் இதனால்தான். புது டிஸ்க் என்றால் துருத்தடுப்பு எண்ணெயை கிளீனரால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். டிஸ்க் பொருந்தி உட்காரும் ஹப்பின் முகத்தில் துருக்கட்டி இருந்தால் கம்பி பிரஷால் சுத்தமாக எடுக்கவேண்டும். அங்கே கடுகளவு அழுக்கு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழியும், முன்னாலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்தால் பெயின்டைத் தின்னும். பின் காலிப்பரில் பல கார்களுக்குப் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ளவேண்டும். எலக்ட்ரானிக் கைபிரேக் என்றால் ஸ்கேனர் கொண்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கை வைக்கவேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் மோட்டார் போய்விடும்.

கைடு பின்னில் போடும் கிரீஸ் பெட்ரோலிய கிரீஸாக இருக்கக்கூடாது, ரப்பர் உப்பிப் பின் இறுகும். சில காலிப்பர்களில் ரப்பர் புஷ்ஷுக்குள் பின் உலர்வாகவே ஓடவேண்டும், மேனுவலைப் பாருங்கள். பேட் உட்காரும் மேடைகளைத் துருவில்லாமல் சீவி, புது பேட் கைவிரலால் தள்ளினாலே நகர்கிறதா என்று பாருங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ தவறு. உராய்வுப் பரப்பில் கிரீஸ் விரல் பட்டுவிட்டால் அந்த பேட் வீண். போல்ட் இறுக்கத்தை மேனுவல் சொன்னபடி டார்க் ரெஞ்சால் வையுங்கள். கைடு பின்னுக்கு 30 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், நீளக் கம்பி மாட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

சக்கரம் மாட்டி இறக்கியதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியர் போடுவதற்கு முன்னால் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். தள்ளிவைத்த பிஸ்டன் இன்னும் பேட்டைத் தொட்டிருக்காது. முதல் மிதி தரையைத் தொடும். இதை மறந்து பட்டறை வாசலிலேயே முட்டியவர்கள் உண்டு.

படிய வைப்பது

புது பேட் போட்ட காரை நேரே மலைக்கு விடக்கூடாது. பேட்டிலுள்ள பிசின் முதல் சூட்டில் வாயு விடும்; அந்த வாயுவே பேட்டையும் டிஸ்கையும் பிரித்து வழுக்க வைக்கும். காலியான ரோட்டில் 60-லிருந்து 15-க்கு மிதமாகப் பத்து முறை, பிறகு 90 அல்லது 100-லிருந்து 20-க்கு நன்றாக அழுத்தி எட்டுப் பத்து முறை. எந்த முறையும் முழுதாக நிற்கக்கூடாது. நடுவில் ஒருவித நாற்றமும் பெடலில் லேசான தளர்வும் வரலாம், அது அந்த வாயு. முடித்ததும் பத்துப் பதினைந்து கி.மீ. பிரேக் தொடாமல் ஆறவிடுங்கள். டிஸ்க் முழுதும் ஒரே சீராகச் சாம்பல் நீலம் படிந்திருந்தால் வேலை முடிந்தது.

கெடுப்பது பெரும்பாலும் டோல்கேட்டில். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து பள்ளிகொண்டாவிலோ வாணியம்பாடியிலோ அழுத்தி நிறுத்தி, வரிசையில் காலை எடுக்காமல் நிற்கிறோம். சூடான டிஸ்கில் பேட் தொட்ட அந்த இடத்தில் மட்டும் பொருள் அப்பிக்கொள்ளும். அடுத்த நாளிலிருந்து 80-க்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள், அங்கே இருப்பது பேட் பொருள் அப்பிய தடம்தான். முன்கூட்டியே மெதுவாக்கி ஊர்ந்து வாருங்கள். சமதரையில் நின்றால் கைபிரேக் போட்டுக் காலை எடுங்கள். உதறல் தொடங்கியிருந்தால் படிய வைக்கும் முறையை இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு, போகாவிட்டால் எமரி, அதற்கும் போகாவிட்டால் லேத். மலை இறங்கிய சூட்டோடு வாட்டர் வாஷில் டிஸ்க் மேல் தண்ணீர் பீய்ச்சுவதும் இதே வரிசையில் வைக்கவேண்டிய தவறு. அதில் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

500 கி.மீ. கழித்து சக்கரத்தைக் கழற்றி நான்கு முன் பேட்டையும் அளந்து எழுதி வையுங்கள். உள் பேட் வெளிப் பேட்டைவிட இரண்டு மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருந்தால் கைடு பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. ஒரே பேட் ஒருபக்கம் சரிந்து தேய்ந்திருந்தால் மேடையில் துரு, அல்லது கைடு பின் கோணலாகியிருக்கிறது. பேட்டின் ஓரம் சாம்பலாகிப் பொடி உதிர்ந்தால் இந்தக் கலவைக்கு உங்கள் மலை அதிகம், ஒரு படி மேலே போங்கள். சூடேறிய பிறகு மட்டும் பிடித்து, ஆறிய பிடி குறைந்திருந்தால் பேட் போதிய சூடு காணவில்லை, ஒரு படி கீழே வாருங்கள். உராய்வுப் பொருள் 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள், மலைக்குப் போகிற காருக்கு 5 மி.மீட்டரிலேயே மாற்றுவது நல்லது, மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் ஆயிலுக்குக் கடத்திவிடும்.